கோதுமை ஏன் வளரல? பர்மாவில இருக்கிற எங்க வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு மைன்கிராஃப்ட் விளையாட்டு வயல்

குழு: பெகு தாத்தா வீடு
சனிக்கிழமை

மோல்மேன் அத்தை பையன், மாலை 5:10
அக்கா, மலையடியில போட்டேனே கோதுமை, இன்னும் பச்சையாவே இருக்கு. போன வாரம் விதைச்சது. நீங்க வீட்டுக்குப் பக்கத்துல போட்டது மட்டும் மஞ்சளாயிடுச்சு. எப்படி?

மோல்மேன் அத்தை பையன், 5:11
(படம்)

ரங்கூன் அக்கா, 5:24
பார்த்தேன்டா தம்பி. வாரக்கணக்கு இங்க செல்லாது. நம்ம உலகம் என் கம்ப்யூட்டர்ல ஓடுது. கரண்ட் போனா உலகமே நிக்கும். நீ இல்லாத நேரத்துல பயிர் தானா வளர்றது கிடையாது.

ரங்கூன் அக்கா, 5:25
கம்ப்யூட்டர் ஓடுற நேரத்துலயும் யாராவது வயலுக்குப் பக்கத்துல இருக்கணும். நீ உள்ள வந்து வீட்டுல பெட்டி அடுக்கிட்டு இருந்தா, தூரத்துல இருக்கிற மலையடி வயல் அப்படியே உறைஞ்சு கிடக்கும். என் வயல் வாசல்லயே இருக்கு, அதனால நான் என்ன வேலை செஞ்சாலும் அது வளருது.

மோல்மேன் அத்தை பையன், 5:27
அப்ப வயல் பக்கத்துல கட்டில் போட்டுப் படுத்துக்கிறேன். படுத்தா ராத்திரி சட்டுன்னு போயிடுமே

ரங்கூன் அக்கா, 5:29
படுத்தா சூரியன் மட்டும்தான் நகரும். இடையில போன நேரம் பயிருக்குக் கிடைக்காது. ராத்திரி முழிச்சிருந்து பக்கத்துல வேலி கட்டு, அடுப்புல எதையாவது உருக்கு. அந்த நிமிஷமெல்லாம் பயிருக்குச் சேரும்.

பெகு தாத்தா, 5:41
என்ன வயல், யார் வயல்? எனக்கும் சொல்லுங்க. தண்ணி யார் பாய்ச்சுறது?

ரங்கூன் அக்கா, 5:46
தாத்தா, இது கம்ப்யூட்டர் விளையாட்டு. எல்லாமே சதுரக் கட்டையா இருக்கும், மண்ணு ஒரு கட்டை, தண்ணி ஒரு கட்டை, கல்லு ஒரு கட்டை. மண்வெட்டியால மண்ணைக் கொத்திவிட்டு விதை போடணும். ஒரு கட்டை தண்ணி இருந்தா நாலு பக்கமும் 4 கட்டை தூரம் வரைக்கும் ஈரம் போகும், மூலைவாட்டமாவும் போகும். 9க்கு 9 சதுரம் வெட்டி நடுவுல ஒரே ஒரு கட்டை தண்ணி வச்சா மீதி 80 கட்டையும் நனைஞ்சிடும்.

பெகு தாத்தா, 5:52
வாய்க்கா இல்லை, மடை இல்லை, வடிகால் இல்லை. ஒரு குழித் தண்ணி 80 கட்டைக்கா? தண்ணி வத்தாதா?

ரங்கூன் அக்கா, 5:53
வத்தாது தாத்தா. தண்ணி வயலோட ஒரே மட்டத்துல இருக்கலாம், ஒரு கட்டை மேலயும் இருக்கலாம். கீழ இருந்தா ஏறாது.

பெகு தாத்தா, 5:55
அது சரி. தண்ணி மேடேறாது. அதுல நியாயம் இருக்கு.

மோல்மேன் அத்தை, 6:02
அப்பா, இவன் இன்னும் கணக்குப் பாடம் முடிக்கல. நீங்களும் சேர்ந்துக்கிட்டீங்களா

ரங்கூன் அக்கா, 6:04
அத்தை, இப்ப நான் சொல்லப்போறதே கணக்குத்தான். அவனை விட்டுடுங்க, நோட்டுல எழுதட்டும்.

ரங்கூன் அக்கா, 6:15
தம்பி, கவனமாப் படி. இதுதான் முக்கியம்.

நாம ஓட்டுறது ஜாவா, அதாவது விளையாட்டோட கம்ப்யூட்டர் பதிப்பு. அதுல விளையாட்டு ஒரு நொடிக்கு 20 தடவை தன்னைப் புதுப்பிக்கும், அது ஒவ்வொண்ணும் ஒரு துடிப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் 16க்கு 16க்கு 16 பெட்டிக்குள்ள இருக்கிற 4096 கட்டையில குலுக்கல் மாதிரி 3 கட்டைக்கு முறை வரும். கணக்குப் போட்டா ஒரு கட்டைக்குச் சராசரியா 68 நொடிக்கு ஒரு தடவை முறை வரும். முறை வந்ததும் வளர்ந்துடாது, இன்னொரு குலுக்கல் இருக்கு. அந்த ரெண்டாவது குலுக்கல்லதான் நீ எப்படி நட்டிருக்கேங்கிறது வேலை செய்யும்.

பயிர் நிக்கிற கட்டை ஈரமா இருந்தா 4 மார்க், காய்ஞ்சிருந்தா 2. சுத்தி இருக்கிற 8 கட்டையும் உழுது ஈரமா இருந்தா ஒவ்வொண்ணுக்கும் முக்கால் மார்க், காய்ஞ்சிருந்தா கால் மார்க். முழுசா ஈரமான வயல்ல மொத்தம் 10.

இப்ப 25ஐ அந்த மார்க்கால வகு. பின்னத்தைத் தள்ளிடு, 1 கூட்டு. 10 மார்க்குன்னா 3 வரும். அதாவது மூணு முறைக்கு ஒரு முறை வளரும்.

மோல்மேன் அத்தை பையன், 6:18
என் வயலும் ஈரம்தான் அக்கா. நடுவுல தண்ணி வச்சிருக்கேன்

ரங்கூன் அக்கா, 6:22
ஈரம் சரி. ஆனா முழுக்கக் கோதுமையா அடிச்சிருக்கே. மூலைவாட்டத்துல அதே பயிர் இருந்தா மார்க் பாதியாயிடும். கிழக்கு மேற்கிலயும் தெற்கு வடக்கிலயும் ஒண்ணா அதே பயிர் இருந்தாலும் பாதிதான். உனக்கு 10க்குப் பதில் 5. வகுத்துப் பார்.

மோல்மேன் அத்தை பையன், 6:24
5 + 1 = 6. ஆறுக்கு ஒண்ணு

ரங்கூன் அக்கா, 6:27
அதேதான். முளையில இருந்து அறுவடை வரைக்கும் 7 தடவை வளரணும். ஒரு வரிசை கோதுமை, ஒரு வரிசை கேரட்டுன்னு மாத்தி மாத்தி நட்டா சராசரியா 24 நிமிஷம். ஒரே பயிரா நிரப்பினா 48. அதே நிலம், அதே தண்ணி, அதே விதை. நிரப்பிட்டுத் தண்ணியும் வைக்காம விட்டா 4ல பாதி 2 மார்க்தான், பதிமூணுக்கு ஒண்ணு, கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மணி நேரம்.

மோல்மேன் அத்தை பையன், 6:28
ஐயோ பாதிக்குப் பாதி!!

பெகு தாத்தா, 6:40
பாப்பா, இதை நான் ரெண்டு தடவை படிச்சேன். இந்த விளையாட்டைச் செஞ்சவனுக்கு வயலைப் பத்தித் தெரிஞ்சிருக்கு. மக்வே பக்கம் எள்ளுக்கு நடுவுல துவரை வரிசை போடுவாங்க. எள்ளு முந்தி முடிஞ்சிடும், துவரை நின்னு காய்க்கும். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடாது. நம்ம பெகுவுல நெல்லு அறுத்ததும் அந்த ஈரத்துலயே உளுந்து தெளிப்போம். தனியாத் தண்ணி கிடையாது, மண்ணுல மிஞ்சின ஈரம்தான். உளுந்து வேர்ல இருந்து தழைச்சத்து மண்ணுக்கு ஏறும், அடுத்த நெல்லுக்கு அது கூலி இல்லாத உரம். ஒரே பயிரை வருஷம் முழுக்க அடிச்சா மண்ணும் தாங்காது, பூச்சியும் விடாது.

பருப்புக்கடை சித்தப்பா, 6:44
உளுந்துன்னதும் வந்துட்டேன். இன்னைக்கு ரங்கூன் பயின்னாவ் மொத்தச் சந்தையில வெயில்ல நின்னே பொழுது போச்சு. அந்த விளையாட்டுல உளுந்து உண்டா?

ரங்கூன் அக்கா, 6:46
இல்லை சித்தப்பா. பருப்பு வகை எதுவுமே இல்லை. கோதுமை, கேரட், உருளை, பீட்ரூட், பூசணி, தர்பூசணி, கரும்பு, கோகோ இந்த மாதிரிதான். நெல்லும் இல்லை.

பெகு தாத்தா, 6:47
நெல்லு இல்லையா!

பெகு தாத்தா, 6:48
பருவமாவது உண்டா? கார்த்திகைக்கு என்ன, ஆடிக்கு என்ன?

ரங்கூன் அக்கா, 6:53
பருவமே இல்லை தாத்தா. பனி விழுற இடத்துலயும் கோதுமை விளையும், பாலைவனத்துலயும் விளையும். வெளிச்சம் மட்டும் பார்க்கும். 15 வரைக்கும் அளவு இருக்கு, பயிருக்குக் குறைஞ்சது 9 வேணும். ஒரு டார்ச் 14 கொடுக்கும், ஒவ்வொரு கட்டை தள்ளினதும் ஒண்ணு குறையும். அஞ்சாவது கட்டையில 9. அதுக்கு மேல இன்னொரு டார்ச் நடணும். சுரங்கத்துக்குள்ளயே வயல் வைக்கிறவங்க இருக்காங்க.

பெகு தாத்தா, 6:55
விளக்கு வெளிச்சத்துல கோதுமை. சரி, அவன் உலகம் அவன் சட்டம்.

மோல்மேன் அத்தை பையன், 6:57
அக்கா, அப்ப ராத்திரியும் வளரணும்னா வயலைச் சுத்தி டார்ச் வைக்கவா?

ரங்கூன் அக்கா, 6:59
ஆமா. சுத்தி மட்டும் போதாது, நடுவுலயும் வேணும். 9க்கு 9 வயல்ல ஓரத்து வெளிச்சம் நடுவுக்கு வரும்போது மங்கிடும். தண்ணிக் கட்டைக்கு மேல ஒரு பலகை வச்சு அது மேல டார்ச் நடு. தண்ணி மூடிக் கிடந்தாலும் ஈரம் போகும்.

மோல்மேன் அத்தை, 7:05
நானும் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துட்டு இருக்கேன். இவன் வயலுக்குள்ள குதிச்சுக் குதிச்சு ஓடுறான், மண்ணு பழையபடி கட்டிமண்ணா மாறுது, விதை வெளிய தெறிக்குது.

ரங்கூன் அக்கா, 7:07
நல்ல வேளை சொன்னீங்க அத்தை. தம்பி, உழுத மண்ணு மேல நடக்கலாம், குதிக்கக் கூடாது. குதிச்சு விழுந்தா மண்ணு கெட்டுடும், மேல நிக்கிற பயிரும் போயிடும். ஆடு மாடு வந்து குதிச்சாலும் அதே கதிதான், அதனால வேலி கட்டாயம்.

பெகு தாத்தா, 7:10
நட்ட வயல்ல எவனும் குதிக்க மாட்டான். வரப்புல நடக்கப் பழகு ராசா.

மோல்மேன் அத்தை பையன், 7:12
சரி தாத்தா. அக்கா, எலும்புத்தூள் போட்டா உடனே வளருமே, அதையே போட்டுட்டா?

ரங்கூன் அக்கா, 7:15
கோதுமை, கேரட், உருளைக்கு ஒரு கை போட்டா வளர்ச்சியில 2 முதல் 5 படி வரைக்கும் தாவும். பீட்ரூட்டுக்கு நாலுக்கு மூணு தடவைதான் பலிக்கும், அதுவும் ஒரே படி. ஆனா எலும்புக்கு ராத்திரி எலும்புக்கூடோட சண்டை போடணும், ஓடிப்போயிடும் உன் உயிர். இலை, விதை எல்லாம் உரப்பெட்டியில போட்டும் எலும்புத்தூள் எடுக்கலாம். அவசரத்துக்கு மட்டும் வச்சுக்கோ.

பெகு தாத்தா, 7:19
எலும்புத்தூள் நிஜமாவே உரம்தான். மணிச்சத்து அதுல இருக்கு. ஆனா நிஜ மண்ணுல அது மெதுவாத்தான் கரையும், போட்ட கையோட கதிர் வராது. வேருக்கும் பூவுக்கும் நல்லது.

பருப்புக்கடை சித்தப்பா, 7:22
கரும்பு உண்டுன்னியே, அது எப்படி?

ரங்கூன் அக்கா, 7:28
கரும்புக்கு வேற சட்டம் சித்தப்பா. உழவே வேண்டாம். மண்ணோ மணலோ, ஒரு பக்கமாவது தண்ணி ஒட்டி இருக்கணும். வெளிச்சம் தேவையில்லை. 3 கட்டை உயரம் வரைக்கும் தானா வளரும். மணல்ல போட்டா சீக்கிரம் வளரும்னு நிறைய பேர் நம்புறாங்க, அப்படி எந்த வித்தியாசமும் கிடையாது. வெட்டும்போது அடிக்கட்டையை விட்டுட்டு மேல ரெண்டை மட்டும் வெட்டினா மறுபடி நடவே வேண்டாம்.

பெகு தாத்தா, 7:30
அது மறுதாம்பு! அடிக்கட்டையில இருந்து துளிர்க்கிறது. இதையும் வச்சிருக்கானா. பலே.

மோல்மேன் அத்தை பையன், 7:32
அம்மா போன்ல நான் தனியா ஒரு உலகம் வச்சிருக்கேன்ல, அதுல கரும்புக்கு எலும்புத்தூள் போட்டேன், வளர்ந்துச்சு. உங்க உலகத்துல போட்டா வளரல

ரங்கூன் அக்கா, 7:34
போன்ல இருக்கிறது பெட்ராக்னு வேற பதிப்பு, அதுல கரும்புக்கு எலும்புத்தூள் பலிக்கும். ஜாவாவில பலிக்காது. நான் மேல சொன்ன 68 நொடிக் கணக்கும் ஜாவாவுக்குத்தான், போன்ல அதை வச்சு நேரம் பார்க்காதே.

பெகு தாத்தா, 7:41
பாப்பா, ஒரு சந்தேகம். ஓரத்துல இருக்கிற பயிருக்குப் பக்கத்துக் கட்டை குறைச்சல்தானே. அப்ப அதுக்கு மார்க்கும் குறையுமா?

ரங்கூன் அக்கா, 7:45
தாத்தா!! இதை விளையாடுறவங்களே பாதிப் பேர் கேட்க மாட்டாங்க. குறையும். வரிசையா நட்டாலும் ஓரத்துப் பயிருக்கு நாலுக்கு ஒண்ணு, மூலைக்கு அஞ்சுக்கு ஒண்ணு. நடுவுல தண்ணியை ஒட்டி நிக்கிறதுக்கு மட்டும் குறை தெரியாது, ஏன்னா 9.25 மார்க் வந்தாலும் வகுத்துப் பின்னத்தைத் தள்ளினா அதே மூணுதான்.

பெகு தாத்தா, 7:48
அப்ப ஓரத்துல ஒரு சுத்து உழுது வெறுமனே விட்டுட்டா? விதை போடாம. பக்கத்து மண்ணு ஈரமா இருந்தா போதும்னு தானே சொன்னே.

ரங்கூன் அக்கா, 7:50
ஆமா, வெறும் உழுத கட்டைக்கும் மார்க் உண்டு. ஆனா விதை இல்லாத கட்டை காய்ஞ்சா மறுபடி சாதா மண்ணாயிடும், அதனால அந்தச் சுத்தும் தண்ணி எட்டுற தூரத்துக்குள்ள இருக்கணும். உள்ள 7க்கு 7 பயிர், சுத்தி ஒரு வரி வெறும் உழவு.

பெகு தாத்தா, 7:52
விளைச்சல் இடம் போயிடும். வேண்டாம். ஓரத்துக்கு உருளை போடு, அது கொஞ்சம் பிந்தி வந்தா பரவாயில்லை. கோதுமை நடுவுல இருக்கட்டும். தினம் வேணுங்கிறது ரொட்டிதானே.

ரங்கூன் அக்கா, 7:54
தாத்தா சொன்னபடியே செய் தம்பி. இருக்கிற கோதுமையைப் பிடுங்காதே, விளைஞ்சதை அறுத்துட்டு ஒண்ணு விட்டு ஒண்ணு வரிசையா மாத்து. உருளை அறுக்கும்போது அபூர்வமா விஷ உருளை ஒண்ணு வரும், 100ல 2 தடவை. அதைத் தின்னுடாதே.

மோல்மேன் அத்தை பையன், 7:57
சரி அக்கா. பூசணிக்கும் இதே மாதிரி வரிசையா?

ரங்கூன் அக்கா, 8:01
பூசணிக் கொடிக்கு உழுத மண்ணு வேணும், காய் விழக் கொடிக்குப் பக்கத்துல காலியா ஒரு மண்கட்டை வேணும். அங்க எதையும் வச்சா காய் விழாது. காயை மட்டும் வெட்டு, கொடியைத் தொடாதே, அதே கொடி மறுபடி காய்க்கும். அதை இந்த வயலுக்குள்ள கலக்காம வேலிக்கு வெளிய தெற்கால போடு.

பெகு தாத்தா, 8:03
படம் எடுத்துப் போடு ராசா. எந்த வரிசை எதுன்னு நான் பார்க்கணும்.