மறுமொழி: குரோத் ஸ்பெல் – 'வளர்ச்சி ஓட்டம்' எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

'குரோத் ஸ்பெல்' (growth spell), அதாவது ஒரு நாட்டின் பொருளாதார வளர்ச்சி அறாமல் நீடிக்கும் காலம், என்பதற்கு நம் குழு தமிழ்ச் சொல் தேடுகிறது. என் முன்மொழிவு 'வளர்ச்சி ஓட்டம்'. அதற்குப் பேராதனை நண்பர் எழுதிய மாற்று இது:

> 'வளர்ச்சிக் கட்டம்' என்றே வைத்துவிடலாமே. எளிய சொல், எவருக்கும் விளங்கும்.

பேராதனை நண்பர் பொறுத்தருள வேண்டும், இதை என்னால் ஏற்க இயலவில்லை. கட்டம் என்றதும் பொருளியல் படித்தவருக்கு பொருளியலாளர் ரொஸ்டோ 1960இல் வகுத்த ஐந்து வளர்ச்சிக் கட்டங்கள்தாம் நினைவுக்கு வரும். அங்கே ஒன்று முடிந்தால் அடுத்தது வரும். நாடு படிப்படியாக மேலே போகும். நாம் பெயர் தேடும் கருத்தில் அந்த உத்தரவாதம் கிடையாது. நாடு சில ஆண்டுகள் நன்றாக வளர்கிறது, பிறகு வளர்ச்சி அறுந்துவிடுகிறது. அவ்வளவுதான்.

அன்ட்ரூ பேர்க், ஜொனதன் ஒஸ்ட்ரி இருவரும் சர்வதேச நாணய நிதியத்துக்காக 2011இல் எழுதிய ஆய்வின் வரையறையை வைத்துக்கொண்டு பேசுவோம். தலா வருமானம் ஆண்டுக்குச் சராசரி 2 சதவீதமாவது வளரத் தொடங்கும் திருப்பத்தில் அந்த வளர்ச்சிக் காலம் ஆரம்பிக்கிறது. வளர்ச்சி அந்த அளவுக்குக் கீழே இறங்கும் திருப்பத்தில் முடிகிறது. இடையில் குறைந்தது ஐந்து ஆண்டுகள், இன்னொரு கணிப்பின்படி எட்டு ஆண்டுகள், நீடித்திருக்க வேண்டும்.

இந்தக் கருத்து ஏன் தேவைப்பட்டது என்பதை அறியாமல் சொல் ஆக்கினால் தடுமாறுவோம். பொருளியலாளர் குஸ்நெற்ஸ் 1955இல் வளர்ச்சி வருமான ஏற்றத்தாழ்வை என்ன செய்கிறது என்று கேட்டார்: முதலில் கூட்டும், பின்னர் குறைக்கும் என்பது அவருடைய ஊகம். தொண்ணூறுகளில் கேள்வி திரும்பியது, ஏற்றத்தாழ்வு வளர்ச்சியை என்ன செய்கிறது? அலெசினாவும் ரொட்ரிக்கும், பேர்சனும் தபெலினியும் 1994இல் கெடுக்கிறது என்றார்கள். கிறிஸ்டின் ஃபோர்ப்ஸ் 2000இல், ஐந்தாண்டு இடைவெளிகளில் நாடுகளைத் தொடர்ந்து பார்த்துவிட்டு, ஏற்றத்தாழ்வு கூடியதன் பின்னால் வளர்ச்சியும் கூடுகிறது என்றார். அதே ஆண்டில் பாரோ, வறிய நாடுகளில் ஒருவிதம், செல்வ நாடுகளில் வேறுவிதம் என்றார். பேர்க்கும் ஒஸ்ட்ரியும் வேகத்தை விட்டு நீளத்தை அளந்தார்கள். ஏற்றத்தாழ்வு வரிசையில் ஒரு நாடு பத்துச் சதமானம் (நூறு படிகளில் பத்துப் படி) கீழே வந்தால், அதன் வளர்ச்சி நீடிக்கக்கூடிய காலம் ஒன்றரை மடங்காகும் என்பது அவர்களுடைய மதிப்பீடு. இது காரணத்தை நிறுவிவிட்டதாகாது. ஆனால் கேள்வி கூர்மையாகிவிட்டது. ஆகவே நம் சொல்லுக்கும் நீளம் இருக்க வேண்டும், தொடக்கமும் முடிவும் இருக்க வேண்டும்.

'வளர்ச்சித் தொடர்' அதனால்தான் முதலில் எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் காலத்தொடர் (கால வரிசையில் அடுக்கிய எண்கள்) என்ற புள்ளிவிபரச் சொல்லோடு அது மோதுகிறது. ஒரே பந்தியில் இரண்டும் வந்தால் மாணவர் திணறுவார். வவுனியா அக்கா சொன்ன 'வளர்ச்சிப் போகம்' மனத்துக்கு மிக நெருக்கமானது. சிறுபோகம், பெரும்போகம் என்று பேசும் மண்ணிலிருந்து வந்த சொல். ஆனால் போகம் எப்போது முடியும் என்பது விதைக்கும்போதே தெரியும். இங்கே முடிவு தெரியாது, ஆய்வே அதைப் பற்றியதுதான். 'பேண்தகு வளர்ச்சி' சுற்றாடல் துறைக்குப் போய்விட்ட சொல், அதை அங்கேயே விடுவோம்.

வெள்ளவத்தையில் நான் எடுக்கும் சனிக்கிழமை வகுப்பில் இலங்கையின் வளர்ச்சி வீதத்தைப் பலகையில் வரைந்தோம். 2010 முதல் 2012 வரை 8 சதவீதமும் அதற்கு மேலும். 2020இல் சுருக்கம், 2022இல் 7 சதவீதத்துக்கும் கூடிய சுருக்கம். எங்கே முடிந்தது என்று கேட்டேன். ஒரு மாணவி எழுந்து, "வளர்ச்சி நீடித்த அந்தக் காலப்பகுதி முடிவுற்ற ஆண்டு..." என்று தொடங்கி வாக்கியத்துக்குள் சிக்கிக்கொண்டார். ஓட்டம் என்று சொல்லிப் பாருங்கள் என்றேன். அடுத்த நிமிடம் பின்வரிசையிலிருந்து, "ஓட்டம் 2020க்கு முன்பே நின்றுவிட்டது சேர், தலா வருமானத்தைப் பாருங்கள்" என்று குரல் வந்தது. வாதம் மணி அடிக்கும்வரை நடந்தது. ஓட்டம் எடுக்கும், நீளும், தளரும், நிற்கும். வினைச்சொற்கள் தாமாகவே வந்து சேர்கின்றன. எனக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

சென்னை நண்பர் 'பண ஓட்டம்' குறுக்கிடும் என்று எழுதியிருந்தார். இலங்கைப் பாடநூல்களில் அது காசுப் பாய்ச்சல். ஓட்டம் என்ற சொல் இங்கே வேறு வேலையில்லாமல் நிற்கிறது. தமிழ்நாட்டுக்கும் சேர்த்து வழங்க வேண்டுமானால் 'வளர்ச்சி ஓட்டக்காலம்' என நீட்டலாம், எனக்கு மறுப்பில்லை. 'வளர்ச்சி' என்பதை மட்டும் அபிவிருத்தியோடு கலக்க வேண்டாம். வருமானம் கூடுவதை அது சொல்லும், யாருக்குப் போகிறது என்பதைச் சொல்லாது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2016 அளவீட்டில் குடும்ப வருமானத்தின் கினிக் குணகம் (ஏற்றத்தாழ்வை அளக்கும் எண், 0 என்றால் முழுச் சமம்) 0.45, வருமானத்தில் பாதியளவு உச்ச ஐந்திலொரு பங்குக் குடும்பங்களுக்குப் போகிறது. இந்த எண்ணையும் பலகையில் வரைந்த கோட்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துத் தமிழில் கேள்வி கேட்க நம் பிள்ளைகளால் முடிய வேண்டும்.

துணைச்சொற்கள்: ஓட்டம் எழும் இடம் ஏறுதிருப்பம், விழும் இடம் இறங்குதிருப்பம். அதுவரை நீடித்த ஓட்டம் ஓர் ஆண்டில் அறுந்துபோகக்கூடிய வாய்ப்பைக் குறிக்கும் ஹசார்ட் ரேட் என்பதற்கு 'முறிவு இடர்வீதம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். அது மருத்துவப் புள்ளியியலிலும் வழங்கும் கருத்து. மருத்துவபீடத்தில் தமிழில் குறிப்பு எழுதுவோர் இந்தக் குழுவில் சிலர் இருக்கிறீர்கள். அங்கே ஏற்கெனவே ஒரு சொல் வழங்கினால் அதையே எடுத்துக்கொள்வோம், வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.