மறு: தலையற்ற சேவையகம் என்பதற்குப் பதில் "திரையிலி"

அன்பு நண்பர்களே, வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துவருகிறேன். திரை மாட்டாமல் ஓடும் கணினியை ஆங்கிலத்தில் "ஹெட்லெஸ் சர்வர்" என்கிறார்கள், அதற்குத் தமிழில் "தலையற்ற சேவையகம்" நல்லதா, "தலையில்லாக் கணினி" நல்லதா என்று பேச்சு போய்க்கொண்டிருக்கிறது. இரண்டிலும் தலை வருவதுதான் எனக்கு இடிக்கிறது. தலையில்லாத உடலுக்குத் தமிழில் ஏற்கெனவே முண்டம், கவந்தம் என்று சொற்கள் இருக்கின்றன. ஒன்று வசவு, மற்றொன்று இராமாயணத்து அரக்கனை நினைவுபடுத்துவது. ஆங்கிலத்தில் கணினித் திரையைத் தலை என்று சொல்லும் வழக்கம் உண்டு, இரண்டு திரை மாட்டிய கணினியை இரட்டைத்தலைக் கணினி என்பார்கள், அதனால் தலையற்றது என்றதும் அவர்களுக்குத் திரை இல்லை என்று புரிந்துவிடுகிறது. நமக்கு அந்த வழக்கமே கிடையாது. பொருளை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும், அவர்களுடைய உவமை எதற்கு?

என் பரிந்துரை: திரையிலி. கணக்குப் பாடத்தில் மாறிலி, முடிவிலி என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். "இலி" என்று முடிந்தால் ஏதோ ஒன்று இல்லாதது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதை நான் சும்மா சொல் அழகுக்காகச் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் சமூக மன்றம் ஒன்றில் சில மாணவர்களுக்கு லினக்ஸ் சொல்லித்தருகிறோம். அவர்கள் வேலை செய்யும் கணினி அங்கே இல்லை. சிங்கப்பூரின் ஈசூனில் நண்பர் ஒருவரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், துணி காயப்போடும் இடத்துக்குப் பக்கத்து அறையில், திரையோ விசைப்பலகையோ இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. மாணவர்கள் தங்கள் மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவில் உள்ள கணினியில் பாதுகாப்பாக வேலை செய்ய உதவும் நிரல்) வழியாக நுழைகிறார்கள். போன மாதம் ஒரு மாணவி பைத்தானில் வரைபடம் ஒன்றைக் காட்டச் சொன்னாள். "டிஸ்ப்ளேயைத் திறக்க முடியவில்லை" என்று பிழை வந்து நின்றது.

அவள் செய்ததைக் கேளுங்கள். லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் எக்ஸ்11 (சுருக்கமாக எக்ஸ்) ஓட ஒரு எக்ஸ் சேவையகம் வேண்டும் என்று நம் கையேட்டில் நாம்தான் எழுதியிருக்கிறோம். சேவையகம் எது? ஈசூனில் இருக்கிற பெட்டிதானே! அவளும் அதிலே போய் எக்ஸ் சேவையகத்தை நிறுவி, அது திரையைக் காணவில்லை என்று நின்றுவிட, எங்கோ படித்ததை வைத்துத் தொடக்கக் கோப்பில், எந்தத் திரையில் காட்டுவது என்று நிரலுக்குச் சொல்லும் டிஸ்ப்ளே மாறியின் மதிப்பை :0 என்று எழுதிவைத்து, மதியம் முழுவதும் அதோடு போராடியிருக்கிறாள். அவள் மீது ஒரு குறையும் இல்லை. நாம் கொடுத்த சொல் அவளைத் தவறான கணினிக்கு அனுப்பிவிட்டது.

விஷயம் இதுதான். 1984இல் எம்ஐடியில் எக்ஸ் தொடங்கியபோதே அதன் அமைப்பு இப்படி வைக்கப்பட்டது: திரையும் விசைப்பலகையும் சுட்டியும் எங்கே இருக்கின்றனவோ அங்கே ஓடுவதுதான் சேவையகம். திரை கேட்டு வரும் நிரல்தான் வாங்கி. அதாவது மாணவியின் கையில் இருக்கும் மடிக்கணினிதான் இங்கே வழங்குகிறது, ஈசூன் பெட்டியில் ஓடும் பைத்தான் நிரல் கேட்டு வாங்குகிறது. ஆங்கிலத்தில் படிப்பவர்களே பல ஆண்டுகளாக இந்த இடத்தில் குழம்புகிறார்கள். தமிழில் அந்தக் குழப்பத்தை நாம் சுமக்க வேண்டாம். சேவையகம் என்பதில் "அகம்" இருக்கிறது, கேட்டதும் தொலைவில் உள்ள ஓர் இடம்தான் மனத்தில் வருகிறது. எக்ஸுக்கு மட்டும் அதை விட்டுவிட்டு "திரை வழங்கி" என்று சொல்வோம். உன் மடிக்கணினி திரை வழங்கி, ஈசூன் பெட்டி திரையிலி. இப்படிச் சொன்னால் எதை எங்கே நிறுவுவது என்ற கேள்வியே வராது.

மூன்றாவது சொல், எஸ்எஸ்எச் வழியாக எக்ஸை அனுப்பும் வேலைக்கு. "எக்ஸ் முன்னனுப்பல்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அது ஆங்கிலத்தை எழுத்தெண்ணி மாற்றியது போல இருக்கிறது. அங்கே நடப்பது என்ன? திரையிலி உங்களிடம் திரையை இரவல் வாங்குகிறது. அப்படியென்றால் "இரவல் திரை". எஸ்எஸ்எச் கட்டளையில் பெரிய எக்ஸ் (-X) போட்டால் இரவல் உண்டு, சிறிய எக்ஸ் (-x) போட்டால் இல்லை. இரவல் கிடைத்ததும் டிஸ்ப்ளே மாறியில் லோக்கல்ஹோஸ்ட்:10.0 என்று எஸ்எஸ்எச்சே எழுதிவிடும், அதற்குரிய துறை எண் (இணைப்பு வந்து சேரும் வாசலின் எண்) 6000 கூட்டல் 10, அதாவது 6010. எண் 10இல் தொடங்குவதற்குக் காரணம், 0 முதலான எண்கள் அந்தக் கணினியிலேயே உள்ள சொந்தத் திரைகளோடு மோதக்கூடாது என்பதுதான். ஆக :0 என்றால் சொந்தத் திரை, :10 என்றால் இரவல் திரை. மாணவி :0 என்று கையால் எழுதியபோது, இரவலாக வந்ததை அழித்துவிட்டு, இல்லாத சொந்தத் திரையைக் கேட்டிருக்கிறாள். அந்த வரியை நீக்கச் சொன்னேன்.

நீக்கியும் வரவில்லை. டிஸ்ப்ளே மாறி காலியாக இருந்தது, அதாவது இரவலே மறுக்கப்பட்டிருக்கிறது. திரையிலியில் எக்ஸ்ஆத் நிறுவப்படவில்லை என்று தெரிந்தது. அந்தச் சிறிய நிரல்தான் இரவலுக்கான அனுமதிச் சீட்டை வீட்டு அடைவில் எழுதிவைக்கிறது, அது இல்லாவிட்டால் எஸ்எஸ்எச் வாசலிலேயே நிறுத்திவிடும். அதை நிறுவிய பிறகும் மறுத்தது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, நண்பர் அந்தப் பெட்டியில் ஐபிவி6 என்ற புதிய இணைய முகவரி முறையை முடக்கிவைத்திருந்தார். அப்படி முடக்கினால் சில நேரம் எஸ்எஸ்எச் இரவலுக்கான துறையைத் திறக்க முடியாமல் திணறும். அமைப்புக் கோப்பில் முகவரிக் குடும்பம் பழைய முறையான ஐபிவி4 மட்டும் என்று ஒரு வரி சேர்த்து, எஸ்எஸ்எச்சை மறுதொடக்கம் செய்ததும் வரைபடம் அவள் திரையில் விரிந்தது. வகுப்பே எழுந்து வந்து பார்த்தது.

இன்னொன்று, சுடோ என்ற கட்டளையைப் போட்டு வேறு பயனராக மாறினால் மறுபடி பிழை வரும். அனுமதிச் சீட்டு முதல் பயனரின் பெயரில் இருக்கிறது. இரவல் வாங்கியவர் ஒருவர், பயன்படுத்த வருபவர் இன்னொருவர். இதையும் அதே சொல்லை வைத்தே விளக்க முடிந்தது, அதனால்தான் இந்தச் சொல் மீது எனக்கு இவ்வளவு பிடிப்பு.

இனி நேற்று வந்த மறுப்புக்கு வருகிறேன்.

> திரை மட்டுமா இல்லை? விசைப்பலகையும் சுட்டியும்கூட இல்லையே. திரையிலி பாதிப் பொருளைத்தான் சொல்கிறது.

உண்மைதான் ஐயா. ஆனால் விசைப்பலகை இல்லாத குறை எஸ்எஸ்எச்சில் தட்டச்சு செய்பவருக்குத் தெரிவதே இல்லை. அவருக்கு இடறுவது திரைதான், பிழைச்செய்தியும் திரையைத்தான் சொல்கிறது.

பினாங்கிலிருந்து எழுதிய அக்கா, எக்ஸ்விஎஃப்பி ஓடும் கணினியைத் திரையிலி என்று சொல்லலாமா என்று கேட்டிருந்தார். சொல்லலாம் அக்கா. அது நினைவகத்திலேயே ஒரு மெய்நிகர் திரையை வைத்துக்கொண்டு நிரலுக்குக் காட்டுகிறது, கண்ணால் பார்க்க ஒன்றும் இல்லை. முப்பரிமாண வேலைக்கு இரவல் திரை பெரும்பாலும் போதாது, அங்கே திரையிலியின் சொந்த வரைகலை அட்டையிலேயே வரைந்து படத்தை மட்டும் அனுப்பும் வெர்ச்சுவல்ஜிஎல் போன்றவை வேண்டும். அதற்குத் தனி இழை தொடங்கலாம்.

இணையம் என்ற சொல்லைத் தந்தவர் எங்கள் ஊர் நா. கோவிந்தசாமி என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1997இல் தமிழ் இணைய மாநாட்டைச் சிங்கப்பூரில் கூட்டியவரும் அவர்தான். "இணை" என்ற பழகிய வேரோடு சின்ன ஒட்டு ஒன்று, அவ்வளவே. தேக்காவில் கோப்பி குடித்துக்கொண்டே சொன்னாலும் எதிரில் இருப்பவருக்குப் புரிகிறது. திரையிலியும் அப்படிப் புரிய வேண்டும் என்பது என் ஆசை.

கையேட்டின் நான்காம் பாடத்தை வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறோம். திரையிலி, திரை வழங்கி, இரவல் திரை மூன்றில் எதற்காவது மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள், மாற்றுச் சொல்லையும் சேர்த்து. "இரவல் திரை"க்கு வினைவடிவம் மட்டும் எனக்கு இன்னும் சரியாக அமையவில்லை. "திரை இரவு" என்று எழுதினால் ராத்திரி என்று படித்துவிடுகிறார்கள்.

அன்புடன்,
உட்லண்ட்ஸிலிருந்து