பதில்: லோ வோல்டேஜ் – தாழ்வழுத்தமா, குறையழுத்தமா?

அன்புள்ள குழுவினருக்கு,

> தாழ்வழுத்தம் என்றே வைத்துவிடலாமே. மின்வாரியமே புழங்கும் சொல்தானே?

புழங்குகிறது, சிக்கலே அதுதான். வாரியத்தின் தாளில் தாழ்வழுத்தம் என்பது இணைப்பின் வகை. வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டும் தறிக்கூடத்து 415 வோல்ட்டும் அதில் அடங்கும். ஆலைக்குப் போகும் 11,000 வோல்ட் உயரழுத்தம். 230 வரவேண்டிய இடத்தில் 180 வந்து டியூப்லைட் துடிக்கிற நிலைக்கும் அதே பெயரை வைத்தால், பல்லடத்துத் தறிக்காரர் "எனக்குத் தாழ்வழுத்தம் வருகிறது" என்றுதான் புகார் எழுத வேண்டும். "ஆமாங்க, அதத்தான கேட்டு வாங்குனீங்க" என்று பதில் வரும்.

ஆகவே, வரவேண்டியதைவிடக் குறைந்து அப்படியே நீடிக்கும் அழுத்தத்துக்குக் குறையழுத்தம் என்கிறேன். 'மின்னழுத்தக் குறைவு' பொருளில் சரிதான். ஆனால் 'குறையழுத்தக் காப்பு' என்பதுபோல் அடுத்த சொல்லோடு ஒட்டாது, வாக்கியம் நீளும். லோ பிரஷர் நோய் நினைவுக்கு வரும் என்று கோபி நண்பர் அஞ்சுகிறார். மோட்டாருக்கு மாத்திரை எழுதும் மருத்துவர் வரும்வரை கவலை வேண்டாம்.

நாம் தமிழாக்கும் ஆர்.வி. (வீடுபோல் தங்கிப் பயணிக்கும் வண்டி) குறிப்புக்கு இன்னும் இரண்டு சொல் தேவை. அமெரிக்க முகாம் திடல்களில் வண்டிக்கு 120 வோல்ட் வரவேண்டும். கோடையில் எல்லா வண்டியும் ஏ.சி. போட்டால் கடைசி வரிசைக்கு அது வந்து சேராது. பல காப்புக் கருவிகள் 104 வோல்ட் அளவில் இணைப்பைத் துண்டித்துவிடும். குறை எங்கே என்று பார்க்க வண்டிக்கு மின்சாரம் தரும் திடலின் பெட்டியில் ஒரு முறை, வண்டிக்குள் ஒரு முறை, ஏ.சி. ஓடும்போதே அளக்க வேண்டும். பெட்டியிலேயே 106 என்றால் திடலின் குறையழுத்தம். பெட்டியில் 117, உள்ளே 108 என்றால் நடுவில் உள்ள ஒயர் தின்கிறது. இதற்கு அழுத்த இழப்பு என்று சொல்லலாம். மருந்து வேறு: முன்னதற்குச் சுமையைக் குறைக்க வேண்டும், வெந்நீரையும் பிரிட்ஜையும் எரிவாயுவுக்கு மாற்ற வேண்டும். பின்னதற்குத் தடித்த, நீளம் குறைந்த கேபிள் போதும். சூடேறிய பிளக்கையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் விளக்கு மங்கி மீள்வது. மின்பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ.-யின் 1159 நெறி 1 நிமிடத்துக்குள் மீண்டால் ஒரு பெயரும், அதைத் தாண்டினால் வேறு பெயரும் தருகிறது. நமக்கும் பிரிவு வேண்டும். தறியில் பாவு நூல் தொய்வது தெரிந்த ஊர்க்காரர்கள் நாம், 'தொய்வு' என்றால் சட்டென்று புரியும்.

> அழுத்தம் குறைந்தால் கரண்டும் குறையும். மோட்டார் ஏன் எரியணும்?

ஹீட்டருக்கு அது சரி: அழுத்தம் 90 விழுக்காடானால் வெப்பம் 81 விழுக்காடு, தண்ணீர் மெதுவாகச் சுடும், அவ்வளவே. மோட்டாருக்கும் முறுக்குவிசை அதே கணக்கில் இறங்கும். ஆனால் இழுக்க வேண்டிய பாரம் குறையாததால் கூடுதல் கரண்டை வாங்கிச் சூடாகும். கிணற்று மோட்டாருக்கு 415-க்குப் பதில் 350 வந்தால் காயில் கட்டும் பட்டறைக்குத்தான் வேலை.

ஆர்.வி. குறிப்பில், குறைந்த வோல்ட்டை ஏற்றித் தரும் ஆட்டோ டிரான்ஸ்பார்மரைப் பற்றிய பத்தியில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. அது வோல்ட்டைப் பத்து விழுக்காடு ஏற்றினால், பெட்டியிலிருந்து ஏறக்குறைய அதே அளவு கரண்டைக் கூடுதலாக உறிஞ்சும். பெட்டியின் 30 ஆம்பியர் பிரேக்கர் அந்தக் கூடுதலையும் சேர்த்தே எண்ணும். பக்கத்து வண்டிக்கு இன்னும் குறையும். நம்மூரில் லைன் கடைசியில் வீட்டுக்கு வீடு ஸ்டெபிலைசர் வைப்பதும் இதே கதைதான்.

கரண்ட் நின்றாலோ மிகக் குறைந்தாலோ மோட்டாரை நிறுத்தும், ஸ்டார்ட்டரின் 'நோவோல்ட் காயில்' என்ற பெயர் அப்படியே இருக்கட்டும். கடையில் வேறு பெயர் சொன்னால் பொருள் கிடைக்காது.

– பல்லடத்திலிருந்து

> சட்டென்று புரியும்

புரியுமுங்க அண்ணா, ஆனா தப்பாப் புரியும். கம்பத்துக்குக் கம்பம் கம்பி தாழ்ந்து தொங்குறதையும் லைன்மேன் தொய்வுன்னுதான் சொல்றாரு. தோட்டத்துல தொய்வுன்னு புகார் குடுத்தா ஏணியோட வந்துருவாரு. 'அழுத்தத் தொய்வு'ன்னு முழுசா எழுதினா எனக்குச் சம்மதம். மத்த ரெண்டும் சரிங்க.

– காங்கேயத்திலிருந்து