காவல்துறை புகார் ஆணையத்தில் பொதுமக்கள் பிரதிநிதி: கேட்கலாமா, யாரைக் கேட்பது?

குடியாத்தம் மளிகைக்கடைக்காரர்

வணக்கம். எங்கள் வியாபாரிகள் சங்கத்தில் கலெக்டருக்கும் எம்.எல்.ஏ.வுக்கும் கொடுக்க ஒரு கோரிக்கை மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். மாவட்ட காவல்துறை புகார் ஆணையத்தில் பொதுமக்களில் இருந்தும் உறுப்பினர் போட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரிக்குச் சங்கமே இரண்டு பட்டு நிற்கிறது.

நான் ஏன் இதைக் கையில் எடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருமுனையில் ஒரு அம்மா தள்ளுவண்டியில் பழம் விற்கிறார். மாமூல் தரவில்லை என்று ஒரு காவலர் தராசைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சங்கத்தில் இருந்து இரண்டு பேர் துணைக்குப் போய், சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் மனு கொடுக்க வைத்தோம். நம்பர் போட்ட ரசீதும் கொடுத்தார்கள். மனு அங்கிருந்து எஸ்.பி. அலுவலகம், பிறகு டி.எஸ்.பி., பிறகு இன்ஸ்பெக்டர் என்று இறங்கி, கடைசியில் அதே ஸ்டேஷனுக்கே வந்து சேர்ந்தது. “மனு கொடுத்தீங்களே, விசாரணைக்கு வாங்க” என்று அந்த அம்மாவுக்கு போன். போனால் பாராவில் நிற்பவர் அதே காவலர். “மேல் நடவடிக்கை தேவையில்லை” என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார்கள். தராசு வந்தது. எடைக்கல் இரண்டு வரவில்லை.

எந்த ஸ்டேஷன் என்று இங்கே எழுதவில்லை. அந்த அம்மா இன்னும் அங்கேதான் வண்டி போடுகிறார்.

இப்போது சங்கத்தில் ஒரு தரப்பு, “நம்ம ஆள் ஒருத்தர் உள்ளே உட்கார்ந்தால்தான் இது மாறும்” என்கிறது. இன்னொரு தரப்பு, “உள்ளே உட்கார்ந்த மறுநாளே அந்த ஆள் புரோக்கர் ஆகிவிடுவார். அமைதிக் குழுவைப் பார்க்கவில்லையா? ஒவ்வொரு விநாயகர் சதுர்த்திக்கும் அதே ஐந்து முகம், அதே டீ, அதே போட்டோ” என்கிறது. இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. சட்டம் தெரிந்தவர்கள், உள்ளே இருந்தவர்கள் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி வக்கீல்

அண்ணா, அந்த வரியை எடுத்துவிடாதீர்கள். ஆனால் இப்போது இருக்கிறபடியே விட்டால் அது வேலைக்கு ஆகாது.

2006 செப்டம்பர் 22 அன்று, காவல்துறையைச் சீர்திருத்தக் கேட்ட பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏழு உத்தரவுகள் போட்டது. மாநிலத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று என்று புகார் ஆணையம் வை என்பது அதில் ஆறாவது. மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி தலைவர். டி.எஸ்.பி. வரைக்கும் உள்ள யார் மேலும் அங்கே புகார் கொடுக்கலாம். நீங்கள் சொன்ன மாமூல், அப்புறம் நில அபகரிப்பு, அதிகார துஷ்பிரயோகம் எல்லாம் அதன் எல்லைக்குள் வரும். உறுப்பினர்கள் மூன்றில் இருந்து ஐந்து பேர். மனித உரிமை ஆணையம், லோக் ஆயுக்தா (ஊழல் புகாரை விசாரிக்கும் அமைப்பு), பணியாளர் தேர்வாணையம் இவற்றில் ஒன்று பட்டியல் போட்டுத் தர, அதிலிருந்து அரசு எடுக்க வேண்டும். முழுநேர வேலை, அதற்கு உரிய சம்பளம், களத்தில் போய் விசாரிக்கத் தனி ஆட்கள். ஆணையம் சொல்லும் பரிந்துரை துறையைக் கட்டுப்படுத்தும்.

நம் ஊரில் என்ன ஆயிற்று? தமிழ்நாடு காவல் (சீர்திருத்தங்கள்) சட்டம் 2013-இல் வந்தது. அதன்படி மாவட்ட ஆணையத்துக்குத் தலைவர் கலெக்டர், உறுப்பினர்கள் எஸ்.பி.யும் ஏ.டி.எஸ்.பி.யும். மாநில அளவில் உள்துறைச் செயலாளர், டி.ஜி.பி., சட்டம் ஒழுங்கு ஏ.டி.ஜி.பி. நீதிபதியும் கிடையாது, பொதுமக்களும் கிடையாது. உங்கள் பழக்கடை அம்மாவின் மனு எந்த வழியாகச் சுற்றியதோ, அதே வழிக்கு ஆணையம் என்று போர்டு மாட்டியிருக்கிறது. இதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்களில் ஓய்வு பெற்ற ஐ.பி.எஸ். அதிகாரியும் ஒருவர்.

இந்த அமைப்பில் பொதுஜனத்தில் ஒருவரை மட்டும் நாலாவது நாற்காலி போட்டு உட்கார வைத்தால் என்ன நடக்கும்? கலெக்டரும் எஸ்.பி.யும் பேசி முடித்ததற்கு அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். அதனால் முதலில் தலைவர் மாற வேண்டும். அதை மனுவில் முதல் கோரிக்கையாக வையுங்கள்.

இன்னொன்று. உச்ச நீதிமன்றம் சொன்னதில் சிவில் சமூகத்தினரும் பட்டியலில் இருக்கலாம் என்றுதான் வருகிறது. கட்டாயம் என்று இல்லை. ஓய்வு பெற்ற அதிகாரிகளாலேயே நிரப்பிவிட்டுக் கணக்குக் காட்ட அந்தச் சொல் போதும். அதே 2006-இல் மத்திய அரசு போட்ட சோலி சொராப்ஜி குழு எழுதிய மாதிரி காவல் சட்டத்தைப் பாருங்கள். மாநில ஆணையத்தில் ஐந்து பேர். போலீஸ்காரர் ஒருவருக்கு மேல் கூடாது, அவரும் வேறு மாநில கேடரைச் சேர்ந்தவர். பொதுவாழ்வில் நல்ல பெயர் எடுத்த ஒருவர் இருக்க வேண்டும். பெண் ஒருவராவது இருக்க வேண்டும். மாவட்டத்துக்கும் இப்படியே வேண்டும் என்று உங்கள் மனுவில் எழுதலாம்.

ஓய்வு பெற்ற ஏட்டு, காட்பாடி

நான் காக்கிச்சட்டை போட்டவன். வக்கீல் சார் சொன்னதில் சட்டம் சரி. ஸ்டேஷனுக்குள் என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன்.

எங்கள் மேல் புகாரே போகவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். மெமோ, 3(பி) சார்ஜ் (துறை விசாரணைக் குற்றச்சாட்டு), ஆயுதப்படைக்கு மாற்றம் எல்லாம் நடக்கும். பெரும்பாலும் பாரா பார்ப்பவன் தலையில்தான் விழும். வசூலிக்கச் சொன்னவர் பெயர் எந்த ஃபைலிலும் வராது. ஆயுதப்படைக்குப் போனவனும் கொஞ்ச நாளில் வேறு ஸ்டேஷனுக்கு வந்துவிடுவான். எஸ்.பி. உட்கார்ந்திருக்கும் மேஜைக்கு எதிரே நின்று, “இன்ஸ்பெக்டர்தான் சொன்னார்” என்று எந்தக் கான்ஸ்டபிள் வாயைத் திறப்பான்? அவனுடைய லீவு, டியூட்டி, பிள்ளை படிக்கும் ஊரில் போஸ்டிங், எல்லாம் அந்த மேஜையில் இருக்கிறது.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் என்ன நடந்தது? தந்தையையும் மகனையும் ஸ்டேஷனில் விடிய விடிய அடித்ததைப் பார்த்த பெண் தலைமைக் காவலர், விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். வந்தவர் துறைக்கு வெளியே இருந்து வந்தவர் என்பதால்தான் அவரால் அதைச் சொல்ல முடிந்தது. அதனால் வெளியாட்கள் இருப்பது போலீஸுக்கு எதிரானது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கீழே இருக்கிற போலீஸுக்குத்தான் அது முதலில் வேண்டும்.

ஆனால் ஆள் எடுப்பதில் கவனமாக இருங்கள். ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் என்று, போலீஸுக்கு உதவும் தன்னார்வலர் அமைப்பாக நல்ல நோக்கத்தில் ராமநாதபுரத்தில் ஆரம்பித்தார்கள். பிறகு பல ஊரில் அந்தப் பையன்கள் லத்தி எடுத்துச் சுற்றினார்கள். சாத்தான்குளத்துக்குப் பிறகு அரசே தடை போட்டது. ஸ்டேஷனோடு ஒட்டி உறவாடுகிறவரை உறுப்பினர் ஆக்கினால் மறுபடியும் அதுதான். கட்சிப் பொறுப்பில் இருப்பவர், தன் மேல் கிரிமினல் வழக்கு நடப்பவர், ஸ்டேஷனுக்கு ஸ்பான்சர் செய்கிறவர் (டியூப்லைட், தடுப்புக் கம்பி வாங்கிக் கொடுத்து அதில் பெயர் எழுதுகிறார்களே, அவர்கள்) மூன்று பேரும் வேண்டாம்.

பொய்ப் புகாரும் வரும் சார், அதையும் எழுதுங்கள். புகார் கொடுத்தவரை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதக்கூடாது. எங்கள் ஆளுக்கும் துணைக்கு ஒருவரை அழைத்து வரும் உரிமை வேண்டும்.

பேரணாம்பட்டு பீடித் தொழிலாளி மகள்

எல்லாரும் சட்டம் பேசுகிறீர்கள். ஆணையம் எங்கே உட்காரும் என்று யாரும் கேட்கவில்லையே.

என் அம்மா பீடி சுற்றுகிறார். வேலூர் போய் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் செலவு தனி. கூடவே ஒரு ஆளும் வர வேண்டும், அவர் கூலியும் போச்சு. அதனால்தான் எங்கள் பக்கம் பெண்கள் அடி வாங்கினாலும் புகார் கொடுப்பதில்லை. பயம் பாதி, கூலி பாதி. மாதத்தில் ஒரு நாளாவது குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு என்று தாலுகா ஊருக்கே ஆணையம் வர வேண்டும். தாலுகா ஆபீஸோ பள்ளிக்கூடமோ, எங்கே வேண்டுமானாலும் உட்காரட்டும், ஸ்டேஷன் வளாகம் மட்டும் வேண்டாம். வாயால் சொன்னால் எழுதிக்கொள்ள ஒரு ஆள் இருக்க வேண்டும். உருது மட்டும் பேசும் வயதானவர்கள் எங்கள் ஊரில் நிறைய, அவர்களுக்கும் வழி வேண்டும்.

பொதுமக்கள் பிரதிநிதி என்றதும் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், ரோட்டரி தலைவர், டாக்டர் என்றுதான் பெயர் எழுதுவீர்கள். அவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்களை எந்த எஸ்.ஐ.யும் “ஏய், வா” என்று கூப்பிட்டிருக்க மாட்டார். கூப்பிடப்பட்ட ஆட்களில் இருந்து ஒருவரைப் போடுங்கள். தோல் ஷாப்பில் வேலை செய்கிற சங்கத்துப் பெண் ஒருவரோ, ஆட்டோ ஓட்டுகிறவரோ இருந்தால்தான் என் அம்மா நிமிர்ந்து பேசுவார்.

2015-இல் ஆம்பூரில் நடந்தது எங்களுக்கெல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. பள்ளிகொண்டா போலீஸ் விசாரணைக்குக் கூட்டிப்போன ஆம்பூர்ப் பையன் ஆஸ்பத்திரியில் இறந்தார். அடித்ததால்தான் இறந்தார் என்று வீட்டார் சொன்னார்கள். மறுநாள் ஊரே கலவரம். கல்லடி பட்டவர்களில் காவலர்களும் இருந்தார்கள். அன்றைக்கு ஜனம் நம்பிப் போய்ச் சொல்ல ஒரு இடம் இருந்திருந்தால் ரோட்டுக்கு வந்திருக்குமா என்று நான் இன்றைக்கும் யோசிக்கிறேன்.

குடியாத்தம் மளிகைக்கடைக்காரர்

மூவருக்கும் நன்றி. நேற்று ராத்திரி சங்கத்தில் இதை வாசித்துக் காட்டினேன். ஓய்வு பெற்ற நீதிபதி தலைவராக வேண்டும் என்பதை முதல் கோரிக்கையாக வைத்துவிட்டோம். ஏட்டு ஐயா சொன்ன மூன்று தடையும் சேர்ந்துவிட்டது. ஸ்பான்சர் தடைக்கு மட்டும் கொஞ்சம் சத்தம், எங்கள் சங்கப் பெயரிலேயே ஒரு தடுப்புக் கம்பி நிற்கிறதாம். பேரணாம்பட்டு அம்மா கேட்ட தாலுகா அமர்வுக்கு யாருமே மறுப்பு சொல்லவில்லை. உழைக்கும் ஆட்களில் இருந்து ஒருவர், ஒரு பெண் கட்டாயம் என்பதைத் தனி வரியாக எழுதியிருக்கிறேன்.

வக்கீல் சாரிடம் ஒரு சந்தேகம். 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததில் பள்ளிகொண்டா வேலூரில் இருக்கிறது, ஆம்பூர் திருப்பத்தூருக்குப் போய்விட்டது. இனி அப்படி ஒன்று நடந்தால் வீட்டார் எந்த மாவட்ட ஆணையத்துக்குப் போவது?

சத்துவாச்சாரி வக்கீல்

காவலில் சாவு, பலத்த காயம், பாலியல் வன்கொடுமை என்றால் உச்ச நீதிமன்றம் சொன்னபடி மாநில ஆணையமும் விசாரிக்கலாம், மாவட்ட ஆணையமும் விசாரிக்கலாம். எந்த மாவட்டம் என்பதற்கு, “சம்பவம் நடந்த மாவட்டத்திலோ, பாதிக்கப்பட்டவர் வசிக்கும் மாவட்டத்திலோ கொடுக்கலாம், வாங்கிய ஆணையம் அதை உரிய இடத்துக்குத் தானே அனுப்ப வேண்டும்” என்று எழுதிவிடுங்கள். வரைவை எனக்கு அனுப்புங்கள், கொடுப்பதற்கு முன் ஒரு முறை பார்த்துத் தருகிறேன்.