புதுப்பிப்பு: லூபஸ் சோர்வுக்கு எது உதவியது

லூபஸ் (உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) கட்டுக்குள் இருந்தும் மதியத்துக்கு மேல் எழவே முடியவில்லை என்று மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

"எல்லாவற்றையும் லூபஸ் மேல் போடாதீர்கள், தைராய்டு பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. தைராய்டு குறைவாகச் சுரந்தது. லூபஸுக்காக வெயிலைத் தவிர்த்ததில் வைட்டமின் டி-யும் குறைந்திருந்தது. மருந்து தொடங்கி 8 வாரத்தில் பாதிச் சோர்வு போனது. மீதிக்கு, களைப்பு வருமுன்பே ஓய்வெடுக்கப் பழகினேன். நல்ல நாளில் எல்லா வேலையையும் முடிக்க நினைத்தால் அடுத்த இரண்டு நாள் படுக்கைதான்.

அப்புறம், எதிர்பாராத ஒன்று. லூபஸுக்கான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையை 6 ஆண்டாகச் சாப்பிட்டும் விழித்திரைப் பரிசோதனை செய்ததே இல்லை. அந்த மாத்திரை விழித்திரையைப் பாதிக்கலாம் என்பதால், 5 ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் வேண்டுமாம். பார்த்துவிட்டேன், பாதிப்பில்லை.