துக்க வீட்டில் ‘போய் வருகிறேன்’ என்று சொன்னவர்

கோத்தகிரி மகள்

மூன்று மாதமாக மனத்தில் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன். அம்மா ஆனியில் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முறையாக நடந்தது, சொந்தக்காரர்கள் வந்தார்கள். விட்டுப்போனவர்கள் அம்மாவின் தோழிகள். இலங்கையில் ஒரே லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) வளர்ந்து, மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 1974இல் தலைமன்னாரில் ஒன்றாகக் கப்பல் ஏறியவர்கள். வந்திறங்கியவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தார்கள். அம்மாவுக்குக் கோத்தகிரி, மற்றவர்களுக்குச் சேரம்பாடி, கொளப்பள்ளி, குன்னூர். எல்லோருக்கும் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலை. ஒரே மாவட்டம்தான். ஆனாலும் கல்யாணம், சாவு தவிர அவர்கள் பார்த்துக்கொண்டதே இல்லை. அம்மாவின் சாவுக்கும் நான் சரியாகத் தகவல் சொல்லவில்லை.

அதனால் புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை மட்டும் அழைத்தேன். தொலைபேசியில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. “என்ன விசேஷம்?” என்று கேட்டார்கள். விசேஷம் இல்லை. “திவசமா?” அதுவும் இல்லை. “அம்மாவைப் பற்றிப் பேசலாம், வாருங்கள்” என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “வருகிறேன் மகளே.”

நான்கு பேரும் வந்தார்கள். ரொட்டி சுட்டேன், தேங்காய்ச் சம்பல் அரைத்தேன், பால் ஊற்றாத தேத்தண்ணீர் கொடுத்தேன். எங்கள் அம்மா பதினாறு வயதில் கங்காணியிடம் வாக்குவாதம் செய்து வெட்டிய அரைப் பேரை, அதாவது அரை நாள் கூலியை, திரும்ப வாங்கிய கதையை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். எனக்குத் தெரிந்த அம்மா யாரிடமும் குரல் உயர்த்தாதவர்.

கிளம்பும்போது சேரம்பாடி அத்தை படத்துக்கு முன்னால் நின்றார். கை கூப்பவில்லை. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு புறப்படுகிறவர்போலச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, “நான் போய் வருகிறேன்” என்று உரக்கச் சொன்னார். படத்தைப் பார்த்துத்தான் சொன்னார். என் பெரியம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. துக்க வீட்டில் சொல்லக் கூடாத வார்த்தை அல்லவா? அத்தை படியிறங்கியதும் பெரியம்மா வாசலில் தண்ணீர் தெளித்தார். அதை அத்தை திரும்பிப் பார்த்தாரா என்பதுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

குன்னூர்க்காரர்

அம்மா, உங்கள் பெரியம்மாவைக் கோபிக்காதீர்கள். பழைய மனிதர்களுக்குச் சில விஷயங்கள் கையோடு ஒட்டியவை. எனக்கு நடந்ததும் அதுதான்.

என் அப்பா மலை ரயிலில் பிரேக்ஸ்மேன். பெட்டிக்கு ஒருவர் முன்பக்கம் நின்று, ஓட்டுநரின் விசிலைக் கேட்டுக் கைப்பிரேக்கைத் திருகுவார்களே, அந்த வேலை. பெங்களூரில் இருக்கும் என் மகன், “தாத்தாவின் வாழ்வைக் கொண்டாட வாருங்கள்” என்று கார்டு அடித்துக் கொடுத்தான். அழகான கார்டு. மஞ்சள் தடவவில்லை, மேலே அப்பாவின் படமும் இரண்டு தேதிகளும். கூட வேலை பார்த்து உயிரோடு இருக்கும் பதினோரு பேருக்குத் தபாலில் அனுப்பினேன். ஒன்பது பேர் வந்தார்கள், நன்றாக நடந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் காலை. வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு பெரியவர், அப்பாவோடு அதிக நாள் ஓடிய ஓட்டுநர், கையில் துண்டுப்பை, வேர்த்துக்கொண்டு படியேறி வருகிறார். “எல்லோரும் எங்கே?” என்றார். நேற்றே முடிந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? அவரே நாற்காலிகளைப் பார்த்துப் புரிந்துகொண்டார். இரண்டு தேதி போட்ட கார்டு என்றதும் கருமாதிப் பத்திரிகை என்று நினைத்து, வழக்கப்படி படித்த கையோடு கிழித்துப் போட்டுவிட்டார். வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாதே! தேதி நினைவில் ஒரு நாள் தள்ளிப் பதிந்துவிட்டது.

அடுக்கிய நாற்காலிகளில் இரண்டை இறக்கினேன். உப்புமா கிண்டிக் கொடுத்தோம். கல்லாறு தாண்டினால் பற்சக்கரப் பாதை, பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி ஏற்றம், இறங்கும்போது வண்டி முழுவதும் பிரேக்ஸ்மேன்களின் கையில்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், ஹில்குரோவ் நிலையத்துக்குக் கீழே ஒரு மழை நாளைச் சொல்லும்போது வாயாலேயே விசில் அடித்துக் காட்டினார். அடித்துவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பவர்போல என் கையைப் பார்த்தார். அப்பாவின் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒன்பது பேர் வந்த நாள் மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. அந்த ஒரு பார்வை போகவில்லை.

உதகை, பணி ஓய்வு

குன்னூர் நண்பர் வருத்தப்படக் கூடாது. கார்டைக் கிழித்தவர் மேல் பிழையில்லை, கார்டின் மேல்தான் பிழை. சாவுக்குக் ‘கொண்டாட’ என்று எழுதினால் வயதானவர்கள் என்ன செய்வார்கள்? தொண்ணூறு வயதுக் கல்யாணச் சாவுக்கே நாம் அந்த வார்த்தையைக் காகிதத்தில் எழுதியதில்லை. பதினாறாம் நாள் இருக்கிறது, படத்திறப்பு இருக்கிறது, நினைவேந்தல் இருக்கிறது. இத்தனை சொற்கள் இருக்க அது எதற்கு?

ஆனால் நண்பர்களைத் தனியாக அழைப்பது வேண்டும் என்பதில் கோத்தகிரி மகளோடு நான் நிற்கிறேன். காரியத்தன்று சொந்தக்காரர்களுக்குத்தான் இடம். கூட்டாளி என்பவன் ஓரமாக நின்று, சாப்பிட்டு, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிடுவான்.

நான் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் வேலை பார்த்தவன். ‘இந்து’ பிலிம் நினைவிருக்கும். வெளிச்சம் பட்டால் பிலிம் வீண் என்பதால் சில பகுதிகளில் முழு இருட்டில்தான் வேலை. செருப்புச் சத்தத்திலும் இருமலிலும் ஆளை அறிவோம். என் பக்கத்து இடத்தில் நின்றவன் போனபோது, அவன் மனைவி ஒரு மாதம் கழித்து எங்கள் ஏழு பேரையும் வீட்டுக்கு அழைத்தார். சங்கடமாக இருந்தது. ஆளுக்கொரு முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். ஆறரை மணிக்கு மின்சாரம் போனது. போன நிமிடமே பேச்சு ஆரம்பித்துவிட்டது! எல்லோரும் ஒரே நேரத்தில். அவன் இருட்டில் பாடுவான், மேற்பார்வையாளர் வந்தால் பாட்டு நின்று இருமல் வரும், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம், அழுதோம், யார் அழுதது என்று யாருக்கும் தெரியாது. அண்ணி மெழுகுவத்தியோடு வந்தார். “வேண்டாம் அண்ணி, கொஞ்ச நேரம் இருக்கட்டும்” என்றான் ஒருவன். அவரும் ஊதி அணைத்துவிட்டு எங்களோடு உட்கார்ந்தார்.

இதைக் கொண்டாட்டம் என்று சொல்ல என் நாக்கு வராது.

ஹட்டிக்காரன்

உதகைப் பெரியவருக்கு வணக்கம். ‘நாம் எழுதியதில்லை’ என்கிறீர்கள். அந்த ‘நாம்’ யார்? படகர்களான எங்களுக்குச் சாவில் ஆட்டம் உண்டு. இறந்தவரைச் சுற்றி ஆண்கள் வட்டமாக ஆடுவார்கள். தாத்தா காலத்தில் நீலகிரியின் இன்னொரு பழங்குடியான கோத்தர்கள் வந்து இசைக்கருவி வாசிப்பார்களாம். துக்கம் இல்லாமல் ஆடுவதில்லை, துக்கத்தோடுதான் ஆடுகிறோம். ஆகவே வார்த்தையை வைத்து அடித்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

என் பிரச்சினை வேறு. தாத்தா இறந்தபோது கோவையில் என்னோடு வேலை செய்யும் நண்பனை எங்கள் ஹட்டிக்கு, அதாவது ஊருக்கு, அழைத்தேன். “தாத்தாவை எப்படி அனுப்புகிறோம் என்று வந்து பார்” என்றேன், பெருமையாக. ஆட்டத்தைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பெரியவர் ஒருவர் பாவங்களைச் சொல்ல ஆரம்பித்தார். பாம்பைக் கொன்றது பாவம், எல்லைக் கல்லை நகர்த்தியது பாவம் என்று ஒவ்வொன்றாக அவர் சொல்ல, கூடியிருப்பவர்கள் சேர்ந்து சொல்வார்கள். இறந்தவருக்கும் அவருடைய முன்னோருக்கும் எல்லாம் மன்னிக்கப்பட வேண்டும் என்பதற்காக. இறந்தவர் யாராக இருந்தாலும் இதே பாவங்களைத்தான் சொல்வார்கள்.

நான் அவன் காதில் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தேன். எல்லைக் கல் என்றதும் என் பக்கம் சாய்ந்து, “உன் தாத்தா யாருடைய நிலத்தை எடுத்தார்?” என்று கேட்டான். கேலியாக இல்லை, உண்மையான அக்கறையோடு கேட்டான். அந்த நேரத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. “பேசாமல் நில்” என்றேன். சாப்பிடாமல் கீழே இறங்கிப் போய்விட்டான். இன்றும் அலுவலகத்தில் நல்லபடியாகத்தான் பேசிக்கொள்கிறோம், அந்த நாளைத் தவிர.

அழைக்கும்போதே இரண்டு நிமிடம் உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

பெருமாள்மலை விவசாயி

எல்லோருக்கும் வணக்கம். என் அனுபவம் சிறியது. அப்பாவின் நினைவாக மே மாதம் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அழைத்தேன். கொடைக்கானல் பாதையில் கோடை சீசன் நெரிசல் தெரிந்ததே. வண்டிகள் நகரவில்லை. அப்பாவோடு பேரிக்காய் வியாபாரம் செய்த வத்தலக்குண்டு மாமா, காரை விட்டு இறங்கி, மாலையை வெயிலில் வாடாமல் துண்டால் மூடிக்கொண்டு, நின்ற கார்களுக்கு நடுவே நடந்தே வந்தார். வந்தபோது மணி மூன்றரை. அவருக்கு எழுபத்து நான்கு வயது.

அதனால்தான் சொல்கிறேன், வார்த்தை எதுவாகவும் இருக்கட்டும், முதலில் நாளைப் பாருங்கள். மலையில் ஆட்களைக் கூட்டுவது சமவெளி மாதிரி இல்லை. ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். கூடலூர், சேரம்பாடிப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரி, எங்கள் பழனி மலைப் பக்கம் அக்டோபர், நவம்பரில் மழையும் மண்சரிவும். ஜனவரி, பிப்ரவரியில் குளிர் இருந்தாலும் பாதை நன்றாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமையைவிடச் செவ்வாய், புதன் நல்லது. ஓய்வுபெற்றவர்களுக்கு எல்லா நாளும் ஒன்றுதானே.

வெளியிலிருந்து காரில் வருபவர்களிடம் இ-பாஸ் பற்றி மறக்காமல் சொல்லுங்கள். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது வேண்டும். துக்கத்துக்குத்தானே வருகிறோம் என்று பாஸ் எடுக்காமல் வந்து சோதனைச் சாவடியில் நிற்பார்கள். அரசுப் பஸ்ஸில் வந்தால் தேவையில்லை. இரண்டு மலையிலும் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலுக்குத் தடை, ஆகவே செம்பும் டம்ளரும் எடுத்து வையுங்கள். வயதானவர்களுக்கு வந்ததும் வெந்நீர் கொடுங்கள், சாப்பாடு பிறகு. மூன்று மணிக்குள் எல்லோரையும் அனுப்பிவிடுங்கள், பனி மூடினால் கொண்டை ஊசி வளைவில் யாருக்கும் கண் தெரியாது. கார்டு அடித்தால் போதாது, முந்தின நாள் மாலை ஒவ்வொருவரையும் போனில் கூப்பிடுங்கள். குன்னூர் நண்பர் கூப்பிட்டிருந்தால் அந்த ஓட்டுநர் சரியான நாளில் வந்திருப்பார்.

குன்னூர்க்காரர்

கூப்பிட்டிருக்க வேண்டும், உண்மை. ஆனால் சரியான நாளில் வந்திருந்தால் பத்துப் பேரில் ஒருவராக உட்கார்ந்துவிட்டுப் போயிருப்பார். எனக்கு எது வேண்டும் என்று சொல்லத் தெரியவில்லை.

கோத்தகிரி மகள்

பெருமாள்மலை அண்ணா, அன்று மழை இல்லை, சேரம்பாடி அத்தையும் அரசுப் பஸ்ஸில்தான் வந்தார். இங்கே எழுதிய பிறகு மனம் கேட்காமல் நேற்று அவரைக் கூப்பிட்டேன். தண்ணீர் தெளித்ததைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த வார்த்தையைப் பற்றி மட்டும் கேட்டேன்.

“மண்டபத்தில் எங்களுடைய பஸ் முதலில் புறப்பட்டது. உன் அம்மா கீழே நின்றுகொண்டு, ‘போய் வா, போய் வா’ என்று கத்தினாள். எனக்கு அழுகையில் வாய் வரவில்லை. பதில் சொல்லாமலே போய்விட்டேன்” என்றார்.

பெரியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பொங்கலுக்கு வருவார், அப்போது சொல்லலாம் என்று இருக்கிறேன்.