ஜலதோஷம் போயும் ருசி திரும்பலையா? மூக்கைச் சோதிங்க

"நாக்கே செத்துப்போச்சு" என்பவர்களில் பெரும்பாலோருக்கு நாக்கு நன்றாகவே இருக்கும். அரை டீஸ்பூன் சர்க்கரையில் ஒரு சிட்டிகை பட்டைத்தூள் கலந்துகொள்ளுங்கள். மூக்கை இறுக்கிப் பிடித்த பிறகுதான் ஸ்பூன் முகத்தருகே வரவேண்டும். வாயை மூடிச் சப்பினால் இனிப்பு மட்டும் தெரியும்; மிஞ்சிப்போனால் ஒரு துளி உறைப்பு. ஐந்தாறு விநாடி கழித்து, வாயைத் திறக்காமலே மூக்கை விட்டு மூச்சை வெளியே விடுங்கள். பட்டை மணம் குபீரென்று ஏறும். வாயிலிருந்து தொண்டை வழியாக மூக்குக்குப் போன காற்றின் வேலை அது. இனிப்பு தெரிந்து, குபீர் மட்டும் வராவிட்டால் போயிருப்பது மோப்பம். இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு எதுவுமே தெரியாவிட்டால்தான் நாக்கைச் சந்தேகப்படணும்.

*

இதில் சொதப்புவது ரெண்டு இடத்தில். விழுங்கும்போது பிடி தளர்ந்துவிடும். ஸ்பூனில் என்ன என்று முன்பே தெரிந்தால் இல்லாத மணத்தையும் மனசு இட்டுக்கட்டும். கலந்து கொடுப்பது இன்னொருத்தராக இருக்கட்டும், ஒரு முறை வெறும் சர்க்கரையும் தரட்டும்.

மோப்பம் போனது உறுதியானால் மோப்பப் பயிற்சி. ஜெர்மனியில் மோப்ப ஆய்வாளர் தாமஸ் ஹம்மலின் குழு 2009இல் வெளியிட்ட முறைதான் இன்றும் அடிப்படை: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். நாலு சின்னக் கண்ணாடி பாட்டில், உள்ளே பஞ்சு, அதில் நாலைந்து சொட்டுத் தைலம். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் 10 விநாடி, முயல் மாதிரி சின்னச் சின்னதாக மோந்து பார்க்கணும். இழுத்து உறிஞ்ச வேண்டாம். குறைந்தது 12 வாரம். மூன்றாவது வாரத்திலேயே "ஒண்ணும் ஆகலை" என்று விட்டுவிடாதீர்கள்.

*

யூகலிப்டஸை வைத்து ஏமாறாதீர்கள். "அது மட்டும் நல்லா தெரியுது" என்பார்கள். தெரிவது பெரும்பாலும் மூக்கில் படும் குளிர்ச்சி. அது முகத்தின் தொடு உணர்வு நரம்பு வழியாக வருவது. மிளகாய்க் காரமும் அந்த வழிதான். முன்னேற்றத்தைக் குறித்துவைக்க ரோஜாதான் நேர்மையான அளவுகோல், அதில் குளிர்ச்சியும் இல்லை, எரிச்சலும் இல்லை. ஜலதோஷமே இல்லாமல் திடீரென மோப்பம் போயிருந்தால் பயிற்சி அப்புறம், முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர்.

*

மோப்பம் திரும்பும் கட்டத்தில் சிலருக்குக் காபி, வதக்கிய வெங்காயம், வறுத்த இறைச்சி எல்லாம் குமட்டும். வறுக்கும்போது உண்டாகும் கந்தகச் சேர்மங்கள் துளி அளவிலேயே மூக்கைத் தூண்டக்கூடியவை. பாதி தேறிய மூக்கு அவற்றைத் தப்பாகப் படிக்கிறது. வேகவைத்ததை ஆறவைத்துச் சாப்பிட்டால் ஆவி குறையும், தொல்லையும் குறையும். மணம் தெரியாத நாட்களில் கை தானாக உப்பு டப்பாவுக்குப் போகும், அதை மட்டும் அடக்குங்க. புளிப்பைக் கூட்டுங்க, மொறுமொறுப்பாக ஏதாவது சேருங்க.

இன்னொன்று, கேஸ் கசிந்தால் நாற்றம் தெரியாது. கசிவைக் காட்டும் அலாரம் மாட்டுங்க. சிலிண்டரில் வரும் எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், அலாரம் தரையை ஒட்டித் தாழ்வாக இருக்கணும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு லேசானது, அதற்குக் கூரையருகே. இடம் மாறினால் அலாரம் சுவரில் சும்மாதான் தொங்கும்.